பொம்பிளைப் பகுதி

யாராவது "பரவாயில்லை" என்று சொன்னால் கொறற்றிக்குப் பிடிக்காது. பரவாயில்லை என்று வாய் சொல்லும்போது முகம் வேறு கதை சொல்லும் என்பது அவளுடைய எண்ணம். அப்படிச் சொன்னவரை விட்டு லேசில் நகரவும் மாட்டாள். ஹம்பேர்க் நகரத்தில் அவளைத் தெரிந்த எங்கள் ஆட்கள் இதற்காகவே அவளுக்கு முன்னால் அந்தச் சொல்லைத் தவிர்த்து வந்தார்கள். தெரியாத்தனமாகச் சொன்னவர்கள் பட்டுத் தெளிந்தார்கள்.

மன்னார்த் தீவில் பேசாலை அவளுடைய ஊர். எண்பத்தைந்தில் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, மேற்கு பெர்லினுக்குள் புகுந்து, அங்கிருந்து ஹம்பேர்க்குக்கு வந்து சேர்ந்த கூட்டத்தில் அவளும் ஒருத்தி. அடுத்த வருடமே பென்ஜமினைக் கட்டினாள். அந்தக் கலியாணத்தைப் பற்றி அவள் அதிகம் பேசுவதில்லை. கத்தோலிக்கக் கோயிலில் மாப்பிள்ளைப் பக்கத்து வாங்குகளில் பென்ஜமினின் தமையன், தமையனுடைய சிநேகிதர்கள், அகதி முகாமில் ஒரே அறையில் இருந்தவர்கள் என்று ஆட்கள் நிறைந்திருந்தார்கள். அவளுடைய பக்கத்து வாங்குகள் காலி. சாட்சிக் கையெழுத்துக்கு, கோயிலைத் துப்புரவு செய்யும் ஒரு ஜெர்மன் கிழவியைக் கூப்பிட்டார்கள். கிழவி நல்ல மனுசி. கையெழுத்தைப் போட்டுவிட்டுக் கன்னத்தில் கொஞ்சியும் விட்டாள். ஆனாலும் பீடத்துக்கு முன்னால் நின்றபடி இடது பக்கம் திரும்பிப் பார்த்ததைக் கொறற்றியால் மறக்க முடியவில்லை. வெறும் வாங்கு ஒரு மனுசியை இவ்வளவு அவமானப்படுத்தும் என்று அவள் அதுவரை அறிந்ததில்லை.

எண்பத்தெட்டில் ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் லோண்டரி ஒன்றில் வேலை கிடைத்தது. படுக்கை விரிப்பு மடிக்கும் மெசினின் மறுமுனையில் நின்றவள் ரொஹானி. மலாய்க்காரி, மலேசியாவின் ஜொகூரில் மூவார்ப் பக்கம். கப்பலில் வேலை செய்த அவளுடைய புருசன் ஹம்பேர்க் துறைமுகத்தில் கரையேறி, அங்கேயே வேலை எடுத்து, பிறகு அவளையும் கூப்பிட்டுக்கொண்டவர். ஒரே மகள், பெயர் சூரியானி. ரொஹானி வயதில் மூத்தவள் என்பதால் கொறற்றி அவளை அக்கா என்றே கூப்பிட்டாள். மலாயில் அதற்கு "கக்" என்று ரொஹானி சொல்லிக் கொடுத்தும், கொறற்றியின் வாயில் அக்காதான் வந்தது. ரொஹானியும் அதற்கே திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டாள். இரண்டு பேரும் பேசியது டொச் என்கிற ஜெர்மன் பாஷை. படித்த ஜெர்மன்காரர் கேட்டால் காதைப் பொத்திக்கொள்ளக்கூடிய டொச். அதை இங்கே எங்கள் தமிழில்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

தொண்ணூறாம் ஆண்டில் ரொஹானியின் புருசனுடைய கப்பல் கூட்டாளி ஒருவரின் மகளுக்குக் கலியாணம் வந்தது. "சனிக்கிழமை விருந்து. நீ வெள்ளிக்கிழமையே வா" என்றாள் ரொஹானி. விருந்துக்கு முதல்நாள் எதற்கு என்று யோசித்துக்கொண்டே போன கொறற்றியின் கையில் ஒரு கத்தியையும், முன்னால் ஒரு சாக்கு வெங்காயத்தையும் வைத்தார்கள். சுற்றிவரப் பெண்கள் இருந்து உள்ளி உரித்தார்கள், தேங்காய்ப்பூ வறுத்தார்கள், ஊர்க்கதை பேசினார்கள். ஒரு சொல்லும் விளங்காவிட்டாலும் யாரையோ கிழிக்கிறார்கள் என்பது கொறற்றிக்கு நன்றாக விளங்கியது. மலாய்க்காரரில் அது ஒரு முறை. அழைப்பு அட்டை கிடைத்தவர் விருந்தாளி. கத்தி கிடைத்தவர் வீட்டு ஆள். வெங்காயம் எரித்துக் கண்ணீர் வடிய இருந்த கொறற்றிக்கு, தான் எந்தப் பக்கத்து ஆள் என்று தெரிந்தபோது வந்த சந்தோசம் கொஞ்சநஞ்சமல்ல.

அடுத்த நாள் அலங்கார மேடை. அதைப் பெலாமின் என்றார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் அன்று ஒருநாள் ராசாவும் ராணியும். சிரிக்காமல், அசையாமல், மடியில் சின்னத் தலையணை வைத்து அதில் இரண்டு கைகளையும் விரித்து வைத்தபடி இருந்தார்கள். பெரியவர்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள். மாப்பிள்ளைப் பக்கத்தில் ஒருவர் என்றால் அடுத்தவர் பெண் பக்கத்தில். ஒரு கிள்ளு மஞ்சள் அரிசியைத் தூவி, இலைக் கொத்தொன்றை அரிசிமாத் தண்ணீரில் தோய்த்துப் புறங்கையில் ஒற்றி, பன்னீர் தெளித்து வாழ்த்திவிட்டு இறங்கினார்கள். இறங்குகிறவர் கையில் அவித்த முட்டை ஒன்று, அதில் குத்திய கடதாசிப் பூவோடு.

அந்த முட்டையை வீட்டுக்குக் கொண்டுபோனபோது பென்ஜமின் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"கலியாணத்திலை முட்டை குடுக்கிறதோ? கேக் துண்டு குடுக்கேல்லையோ?"

மகள் டெல்சி பூவைப் பிடுங்கித் தலையில் குத்திக்கொண்டு முட்டையைத் தின்றுவிட்டாள். விவாதம் அத்துடன் முடிந்தது.

பிறகு வந்த வருடங்களில் கொறற்றி போகாத மலாய்க் கலியாணம் ஹம்பேர்க்கில் இல்லை. போகப் போக ஒவ்வொன்றாகக் கழன்று கொண்டிருந்ததையும் அவள் பார்த்தாள். முதலில் கத்தி போயிற்று. சமையலுக்குத் துருக்கிக் கடைக்காரர் வந்தார், பெண்கள் வெள்ளிக்கிழமைகளில் தலைமயிர் செய்யப் போனார்கள். பிறகு முட்டை போய், வெள்ளித்தாள் சுற்றிய சொக்லேற் வந்தது. ஒரு கலியாணத்தில் பெலாமினுக்குப் பதிலாக வாடகைச் சோபா. பெண் நாலு தரம் உடுப்பு மாற்றினாள், நாலாவது வெள்ளைக் கவுண். இன்னொன்று படிக்க வந்த மாணவர்களுடைய கலியாணம். அதில் நடுவே திரை கட்டி, ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் இருந்து, ஓதி, சாப்பிட்டு எழும்பினார்கள். மேடையே இல்லை. நாகரிகம் பார்த்தவர்களும் மேடையை விட்டார்கள், மார்க்கம் பார்த்தவர்களும் மேடையை விட்டார்கள். இரண்டு கோஷ்டியும் வேறொன்றிலும் ஒத்துப்போக மாட்டாது, இதில் மட்டும் என்ன ஒற்றுமை என்று கொறற்றி பென்ஜமினிடம் சொல்லிச் சிரித்தாள். அவளுக்கு அதில் துக்கம் ஒன்றும் இல்லை. அவரவர் கலியாணம், அவரவர் விருப்பம்.

தொண்ணூற்றெட்டில் சூரியானிக்குக் கலியாணம் வந்தபோதுதான் சிரிப்பு நின்றது.

ரொஹானியின் புருசன் அப்போது உயிரோடு இல்லை. மாப்பிள்ளை தொர்ஸ்ரன், சூரியானியோடு காப்புறுதி அலுவலகத்தில் வேலை செய்கிற ஜெர்மன் பொடியன். முறைப்படி கலிமா சொல்லி முஸ்லிம் ஆகியிருந்தான். நிக்காஹ் காலையில் பள்ளிவாசலில் நாலு பேரோடு, பின்னேரம் விருந்து. விருந்துக்கு மண்டபம் பிடித்துக் கொடுத்தது கொறற்றி. அவளுடைய கத்தோலிக்கப் பங்கின் மண்டபம். குடி இல்லை, பன்றி இறைச்சி இல்லை, ஒன்பது மணிக்குள் எல்லாரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள் என்றதும் பங்குச் சுவாமியாருக்கு வாயெல்லாம் பல். சுவரில் இருக்கும் சிலுவையை என்ன செய்வது என்று அவரே கேட்டார். "இருக்கட்டும். அது அவையின்ரை வீடு" என்று ரொஹானி சொல்லிவிட்டாள்.

ஹம்பேர்க்கில் இருந்த பழைய கப்பல்காரக் குடும்பங்கள் அதற்குள் ஒவ்வொன்றாக ஊருக்குத் திரும்பிவிட்டிருந்தன. மூவாரிலிருந்து ரொஹானியின் அண்ணன், இரண்டு தங்கச்சிமார், மச்சாள்மார் எல்லாரும் வருவதாக இருந்தது. ஆனால் முந்தின வருடம் மலேசியாப் பணம் விழுந்த விழுகையில் விமான டிக்கெட் என்பது அவர்கள் நினைத்துப் பார்க்க ஏலாத ஒன்றாகிவிட்டது. தை மாதக் கடைசியில் தொலைபேசி வந்தது. ஒருவரும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை ரொஹானி வீட்டில் கூடினார்கள். ரொஹானி, சூரியானி, கொறற்றி, பிறகு ஹில்மி. ஹில்மி பொறியியல் படிக்க வந்த மலாய்ப் பிள்ளை. வெள்ளிக்கிழமைத் தொழுகையில் மாணவர்களுக்கு முன்னுக்கு நிற்பவன். விருந்தை நடத்தி, ஒலிவாங்கியில் அறிவிப்புச் செய்ய ஒப்புக்கொண்டிருந்தான்.

"மேடையிலை இருக்கட்டும், அதிலை பிழை இல்லை" என்றான் ஹில்மி. "ஆனால் அரிசி தூவுறது, தண்ணி தெளிக்கிறது எங்கடை மார்க்கத்திலை இல்லை. அது இந்துக்களிட்டை இருந்து வந்த வழக்கம் எண்டு படிச்சவை சொல்லினம், மக்சிக்." மக்சிக் என்றால் சின்னம்மா. மரியாதையான பிள்ளைதான். இதைச் சொல்லும்போது அவனுடைய கண் கொறற்றியின் பக்கம் போய், சங்கடத்தோடு திரும்பியது.

"என்னைப் பாக்காதேங்கோ, தம்பி. நான் இந்து இல்லை, வேதக்காரி" என்றாள் கொறற்றி. வேதக்காரர் என்றால் எங்களில் கிறிஸ்தவர். அவன் காது மடல்கள் சிவந்தன.

"அம்மா, விடுங்கோ" என்றாள் சூரியானி. "ஏறுறதுக்கு ஆர் இருக்கினம்? தொர்ஸ்ரன் பக்கத்திலை ஒரு பஸ் நிறைய வருகினம். எங்கடை பக்கத்திலை ஒருத்தரும் இல்லை. எல்லாருக்கும் முன்னாலை அதைக் காட்டிக்கொண்டு இருக்கவேணுமோ? கேக்கை வெட்டுவம், சாப்பிடுவம், முடிஞ்சுது."

ரொஹானி தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தபடி, "பரவாயில்லை" என்றாள்.

அவ்வளவுதான். கொறற்றி நிமிர்ந்து உட்கார்ந்தாள். தடுக்கிறது மார்க்கம் இல்லை, ஆள் இல்லாத வெட்கம் என்பது அவளுக்குப் பளிச்சென்று தெரிந்தது. அந்த வெட்கத்தை அவளுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. பன்னிரண்டு வருடமாக நெஞ்சுக்குள் கிடந்த கோபம் முழுக்க ஒருமிக்க எழும்பி வந்தது. இந்தப் பிள்ளை வெறும் கதிரைகளைப் பார்த்துக்கொண்டு இருக்கக்கூடாது என்று அந்த நிமிசமே முடிவெடுத்தாள்.

"பிள்ளை மேடையிலை இருக்கட்டும். பொம்பிளைப் பகுதிக்கு ஆக்களை நான் கொண்டு வாறன்."

"ஆரை, அன்ரி?" என்றாள் சூரியானி.

"எங்கடை ஆக்களை."

சூரியானி அழகான அழைப்பு அட்டை அடித்திருந்தாள். வருகிறீர்களா, எத்தனை பேர் என்று எழுதித் திருப்பி அனுப்ப ஒரு துண்டும் அதில் ஒட்டியிருந்தது. கொறற்றி அதைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். "உதைத் தபாலிலை போட்டால் எங்கடை ஒருத்தரும் வராயினம். வீட்டை வந்து சொல்லேல்லை எண்டு, செத்தவீடு வரைக்கும் சொல்லிக் காட்டுவினம். அக்கா, வெளிக்கிடுங்கோ. நீங்கள்தான் வந்து சொல்லவேணும்."

ரொஹானிக்கு முதல்முறையாக முகம் கொஞ்சம் தெளிந்தது. "எங்கடை ஊரிலையும் முந்தி அப்பிடித்தான்" என்று எழும்பினாள்.

மாசி முடிந்து பங்குனி பிறந்தும் ஹம்பேர்க்கில் பனியும் மழையும் கலந்து கொட்டிக்கொண்டிருந்தது. லோண்டரி வேலை முடிந்து இரண்டு பேரும் வீடு வீடாகப் போனார்கள். ஒருத்தி நீண்ட மலாய்ச் சட்டையும் முக்காடுமாக, மற்றவள் சேலைக்கு மேல் தடித்த கோட்டுமாக, கையில் பழப்பையோடு பஸ் ஏறி இறங்கினார்கள். வாடகைக்காரர் பெயர்ப்பலகையில் தமிழ்ப் பெயர் கண்டால் கொறற்றி மணியை அடித்துவிடுவாளோ என்று ரொஹானிக்குப் பயமாக இருந்தது.

கமலாம்பிகை சைவக்காரி, யாழ்ப்பாணம். புருசன் கணேசலிங்கம் தபால் பிரிக்கும் வேலை. இரண்டு பேரும் ரொஹானியை உள்ளே கூப்பிட்டு, இருத்தி, பலகாரம் வைத்து, எல்லாம் கேட்டார்கள்.

"மஞ்சள் அரிசியோ? அது எங்கடை அறுகரிசி மாதிரித்தானே" என்று கமலாம்பிகை உற்சாகமானாள். மணமக்களைப் பெரியவர்கள் அறுகும் அரிசியும் போட்டு வாழ்த்துவது எங்கள் சைவக் கலியாணங்களில் உள்ளதுதான். ஆனால் முட்டை என்ற சொல் வந்ததும் முகம் சுருங்கியது. "நல்ல காரியத்திலை முட்டையோ? சிவ சிவா. இது எங்கடை இல்லை. எங்கடை ஆக்களிட்டை இருந்து ஒருநாளும் போயிருக்காது."

"உங்கடை இல்லைத்தான், அக்கா. நீங்கள் வந்து பிள்ளையை வாழ்த்துங்கோ. முட்டையைத் தொடவேண்டாம்."

கமலாம்பிகை வாறம் என்றும் சொல்லவில்லை, வரமாட்டம் என்றும் சொல்லவில்லை. "பாப்பம்" என்றாள். எங்கள் ஆட்களின் பாப்பம் என்பதற்கு என்ன அர்த்தம் என்று ரொஹானி படியிறங்கும்போது கேட்டாள். அது தனக்கும் இன்னும் தெரியாது என்றாள் கொறற்றி.

லூர்தம்மா வீட்டில்தான் சரியான கஷ்டம். கோயில் பாடகர் குழுவை நடத்துகிறவள். தலைமயிரில் ஒன்று பிசகாது, சொல்லிலும் ஒன்று பிசகாது.

"தபசு காலத்திலை கலியாணமோ?" ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் நோன்புக் காலம்தான் தபசு காலம். அப்போது கோயிலில் கலியாணம் வைப்பதில்லை.

"அக்கா, தபசு காலமெண்டபடியால்தான் கோயில் மண்டபம் சும்மா கிடந்தது."

"நீர் அதுக்கை போய் அவையின்ரை சடங்கும் செய்யப்போறீரோ? உயிர்ப்புத் திருநாள் பூசைக்குப் பாட நிக்கிறீர், ஞாபகம் இருக்கட்டும்."

இருவரும் தமிழில் பேசியது விளங்காமல் ரொஹானி புன்னகையோடு இருந்தாள். கொறற்றிக்கு உள்ளே கொதித்தது. பாடகர் குழுவில் நிற்பது அவளுக்கு உயிர். ஞாயிற்றுக்கிழமையில் அந்த ஒரு மணித்தியாலத்துக்குத்தான் அவள் வாரம் முழுக்க விரிப்பு மடித்தாள். ஆனாலும் சொன்னாள்: "ஞாபகம் இருக்கு, அக்கா. பிள்ளைக்கு ஆக்கள் இல்லை. நான் ஏறத்தான் போறன்."

லூர்தம்மா ரொஹானிக்கு இரண்டாவது கோப்பைத் தேத்தண்ணி ஊற்றினாள்.

கலியாண நாள் வந்தது. முட்டையை மட்டும் சொக்லேற்றாக மாற்ற ரொஹானி சம்மதிக்கவில்லை. ஈஸ்டருக்குச் சாயம் போடவென்று கடையெல்லாம் வெள்ளை முட்டை குவிந்து கிடந்த காலம் அது. இரண்டு பேரும் முதல்நாளே கொறற்றியின் குசினியில் முட்டைகளை அவித்துச் சிவப்புச் சாயம் போட்டு வைத்திருந்தார்கள். பென்ஜமின் பூக் குத்தினான், முணுமுணுத்துக்கொண்டே குத்தினான்.

விருந்து இரண்டு மணிக்கு. எங்கள் ஆட்களின் நேரம் கொறற்றிக்குத் தெரியாததா? ஒரு மணி என்று சொல்லியிருந்தாள். ஆனால் கொறற்றி ஒரு மணித்தியாலம் முன்தள்ளித்தான் சொல்லியிருப்பாள் என்று மற்றவர்களுக்கும் தெரியும் என்பதை அவள் யோசிக்கவில்லை. அவர்கள் அதற்கேற்றபடி பின்தள்ளி, அதற்கு மேலே வழக்கமான சுணக்கத்தையும் சேர்த்துக்கொண்டார்கள்.

இரண்டு மணிக்கு ஐந்து நிமிசம் இருக்கும்போதே மாப்பிள்ளைப் பக்கம் நிறைந்துவிட்டது. மாமா, மாமி, பாட்டன், கால்பந்துக் கூட்டாளிகள், எல்லாரும் தோய்த்து மடித்த முகத்தோடு இருந்தார்கள். பெண் பக்கத்தில் பென்ஜமினும் டெல்சியும் கொறற்றியும். ஓரத்தில் ஹில்மியின் கூட்டாளி மாணவர்கள் இரண்டொருவர். மீதி வெறும் கதிரை.

சூரியானியைக் கொண்டுவந்து மேடையில் இருத்தினார்கள். மஞ்சள் பட்டும் தலையில் பொன்னிறப் பூவுமாக அவள் அசலான ராணிதான். பக்கத்தில் தொர்ஸ்ரன், தொப்பியைச் சரிசெய்ய வழியில்லாமல் கைகளைத் தலையணையில் விரித்தபடி இருந்தான். சூரியானி கண்ணை மட்டும் இடது பக்கம் திருப்பினாள். திருப்பிய கண்ணை உடனே இழுத்துக்கொண்டாள். அந்தப் பார்வையைக் கொறற்றி கண்டாள்.

ஹில்மி மெல்ல அவளிடம் வந்தான். "அன்ரி, இதை விட்டிட்டுச் சாப்பாட்டுக்குப் போவமோ? சூரியானிக்கும் அதுதான் நல்லது."

"தம்பி, இஞ்சை கேளுங்கோ. நீங்கள் இது இந்துக்களின்ரை எண்டுறியள். இந்து மனுசி முட்டையெண்டதும் தங்கடை இல்லையெண்டுறா. எங்கடை கோயில் ஆக்கள் இது உங்கடை எண்டுறினம். ஒருத்தற்றையும் இல்லையெண்டால் ஒருத்தருக்கும் பாவமும் இல்லை. அறிவிப்புச் செய்யுங்கோ."

ஹில்மி சிரித்துவிட்டான். தன்னால் தூவ ஏலாது, ஆனால் தடுக்கவும் மாட்டேன் என்று சொல்லிவிட்டு ஒலிவாங்கியை எடுத்தான்.

மாப்பிள்ளைப் பக்கத்தில் முதலில் ஏறியவர் தொர்ஸ்ரனின் தாய், திருமதி லூடர்ஸ். ரொஹானி பக்கத்தில் நின்று காட்டிக் கொடுக்க, பயந்து பயந்து அரிசியைத் தூவினார். இறங்கினார். இப்போது பெண் பக்கம். மண்டபம் முழுக்க இடது பக்கம் திரும்பிப் பார்த்தது. கொறற்றி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினாள். அரிசியைத் தூவி, இலைக் கொத்தைத் தோய்த்துச் சூரியானியின் புறங்கையில் ஒற்றினாள். கை குளிர்ந்து கிடந்தது. பன்னீரைத் தெளித்தாள். பழக்க தோஷத்தில் நெற்றியில் சிலுவை போடப்போன பெருவிரலை நடுவழியில் நிறுத்தி, கன்னத்தைத் தடவிவிட்டாள்.

அடுத்தது பாட்டன். அதன் பிறகு திரும்பவும் பெண் பக்கம். பென்ஜமின் கதிரையை விட்டு எழும்பவில்லை. "நாளைக்குக் கோயிலிலை என்ன சொல்லுவினம்?" என்றான் தணிந்த குரலில்.

"எங்கடை கலியாணத்திலை என்ரை பக்கம் ஆர் இருந்தவை?" என்றாள் கொறற்றி.

பன்னிரண்டு வருடத்தில் அவள் அவனிடம் அதைக் கேட்டதே இல்லை. பென்ஜமின் அவளுடைய முகத்தைப் பார்த்தான். பிறகு சேட்டுக் கொலரை இழுத்துவிட்டுக்கொண்டு ஏறினான். அரிசியைத் தூவிவிட்டு இறங்கினான்.

மாப்பிள்ளைப் பக்கத்து மாமா ஏறி இறங்கினார். திரும்பவும் பெண் பக்கம். இனி ஒருவரும் இல்லை. வாசல் கதவு அசையவில்லை. சூரியானி உதட்டை அசைக்காமல் மேடையிலிருந்தே சொன்னாள்: "பரவாயில்லை, அன்ரி. இவ்வளவும் காணும்."

"காணாது" என்றாள் கொறற்றி. நேரே ஹில்மியிடம் போனாள். "தம்பி, நீங்கள் கடைசியிலை ஓதுறதெண்டு வைச்சிருக்கிற துஆவை இப்ப ஓதுங்கோ. நீளமா ஓதுங்கோ."

ஹில்மிக்கு விளங்கியது. கையை ஏந்தினான். மண்டபம் எழும்பி நின்றது. நல்ல குரல் அவனுக்கு. மணமக்களுக்காக ஓதினான், பெற்றவர்களுக்காக ஓதினான், மறைந்துபோன சூரியானியின் தகப்பனுக்காக ஓதினான், கடல் தாண்டி வர முடியாமல் போனவர்களுக்காக ஓதினான். கதவைப் பார்த்தான், திறக்கவில்லை, பயணம் செய்பவர்களுக்காகவும் ஓதினான். பஸ்ஸில் வருகிறவர்களும் அதில் அடக்கம் என்று பிற்பாடு அவனே சொல்லிச் சிரித்தான்.

ஆமீன் என்ற சத்தம் எழும்பியபோது கதவும் திறந்தது. குளிர்காற்றோடு கமலாம்பிகை, கணேசலிங்கம், அப்படியே வீட்டுக்குப் போய்க் கூப்பிட்ட ஞானமலர், புஸ்பவதி, அவரவர் பிள்ளைகள், மச்சான்மார், அழைக்காத ஒரு விருந்தாளியும் சேர்த்து ஒரு கூட்டம் கோட்டுகளை உதறிக்கொண்டு உள்ளே வந்தது. கதிரைகள் இழுபடும் சத்தம் சுவாமியார் வீடு வரைக்கும் கேட்டிருக்கும். கடைசியாகக் கறுப்புக் கோட்டோடு லூர்தம்மா வந்தாள்.

"வீட்டை வந்து சொல்லிப்போட்டா. வராமல் இருக்கேலுமோ?" என்றாள் கொறற்றியிடம். "நான் மேலை ஏறமாட்டன். தபசு காலம்." சொல்லிவிட்டு, இடது பக்கத்து முன்வரிசை முதல் கதிரையில், எல்லாருக்கும் தெரியும்படி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

கமலாம்பிகை ஏறினாள். கொறற்றி படித்துப் படித்துச் சொல்லிக்கொடுத்த மலாய் முறை அவளுக்குச் சுத்தமாக மறந்துபோயிற்று. அறுகரிசி போடும் முறைப்படி காலில் தொடங்கி, முழங்கால், தோள், தலை என்று அரிசியைப் போட்டு, "நல்லா இருங்கோ, பிள்ளையள்" என்று வாய்விட்டு வாழ்த்தினாள். தொர்ஸ்ரனின் தொப்பிக்குள்ளும் அரிசி போனது. அடுத்து ஏறிய கணேசலிங்கமும் மனுசியைப் பார்த்தபடி அதையே செய்ய, பார்த்திருந்த மாப்பிள்ளைப் பக்கத்து ஜெர்மன்காரர்கள் இதுதான் அசல் முறை என்று நினைத்துக்கொண்டார்கள். பிறகு ஏறிய மாமிமாரெல்லாம் காலில் இருந்துதான் தொடங்கினார்கள். சிரிக்கக்கூடாத ராணி உதட்டைக் கடித்துப் பார்த்து, முடியாமல் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். குசினிக் கதவடியில் முட்டைத் தட்டோடு நின்ற ரொஹானி, கண்ணைத் துடைக்கக் கை இல்லாமல் அப்படியே அழவிட்டாள்.

சாப்பாடு அமளியாக நடந்தது. தபசுக்காரருக்கென்று கொறற்றி வைத்த மீன்குழம்பை லூர்தம்மா இரண்டாம் தரமும் வாங்கினாள். முட்டையைத் தொடமாட்டேன் என்ற கமலாம்பிகை, மகன் ரஜிதனுக்கு என்று சொல்லி ஒன்றைக் கடதாசித் துவாயில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்தாள். யாரும் அதைக் கண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

வெளிக்கிடும் நேரம் திருமதி லூடர்ஸ் ரொஹானியிடம் வந்து அவளைக் கட்டிப் பிடித்தார். பிறகு நேரே கொறற்றியிடம் வந்தார். இந்தப் பக்கத்துக்குப் பெரிய மனுசி யார் என்பதை அவர் பின்னேரம் முழுக்கப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். கொறற்றியின் கையைப் பிடித்து, நிதானமாக, விளங்கவேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: "உங்கள் பிள்ளையை நாங்கள் நல்லபடி பார்த்துக்கொள்ளுவோம்."

நான் சொந்தக்காரி இல்லை, துணி மடிக்கும் மெசினின் மற்றப் பக்கத்தில் நிற்கிறவள் என்று சொல்லத்தான் கொறற்றி வாயைத் திறந்தாள். ரொஹானியைத் திரும்பிப் பார்த்தாள். ரொஹானி, நீயே சொல்லு என்பதுபோலத் தலையை ஒருமுறை ஆட்டினாள்.

கொறற்றி திருமதி லூடர்ஸின் பக்கம் திரும்பினாள்.

"பாத்துக்கொள்ளுங்கோ" என்றாள் தன்னுடைய லோண்டரி டொச்சில். "இல்லையெண்டால்..." கையை நீட்டி, கணேசலிங்கத்திலிருந்து லூர்தம்மா வரை நிரம்பிக் கிடந்த இடது பக்க வரிசைகளைக் காட்டினாள். "நாங்கள் எல்லாரும் வருவம்."

திருமதி லூடர்ஸ் அந்த வரிசைகளை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை பார்த்தார். சிரிக்கவில்லை. தலையைக் குனிந்து, மரியாதையாக, "பார்த்தேன்" என்றார்.